மிகலினாவின் முதல் முகம்

மூன்றாம் நாளும் மிகலினா உட்காரவில்லை. உட்கார்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கலிக்ஸ்ட் தூரிகையை நனைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் நாற்காலி காலியாகிவிட்டது. அவள் ஜன்னலோரம் நின்று, திரையை இரண்டு விரல் அகலம் விலக்கி, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சீமாட்டி, தயவுபண்ணி உக்காருங்க.”

“வண்டிச் சத்தம் கேட்டுச்சு.”

“வார்சாவுல வண்டி ஓடாத தெரு ஏதும்மா? நாள் பூரா ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்.”

“இது நம்ம வாசல்ல நின்ன மாதிரி இருந்துச்சு.”

நிற்கவில்லை. பனி உருகிய சேற்றில் சக்கரம் சறுக்கிக்கொண்டு போன சத்தம் அது. அவள் திரும்பி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். முதுகு சாய்மானத்தைத் தொடவில்லை. ரோஜா நிறப் பட்டு உடுப்பு இடது தோளில் சற்று நழுவியிருந்தது.

“கொஞ்சம் சாஞ்சு உக்காந்தீங்கன்னா தோள் சரியா வரும்.”

“சாய முடியாது. பின்னாடி ரெண்டு கொக்கி போடலை. என் பணிப்பொண்ணு இந்த உடுப்பைத் தொட மாட்டேன்னுட்டா. எட்டுன வரைக்கும் நானே போட்டுக்கிட்டேன்.” அவள் நேராக அவனைப் பார்த்தாள். “நீங்க போட்டு விடறீங்களா?”

கலிக்ஸ்ட் காது சிவந்து வண்ணத்தட்டைக் குனிந்து பார்த்தான். நாற்பத்தாறு வயதில் இப்படிச் சிவந்ததை நினைத்து மேலும் சிவந்தான்.

கலிக்ஸ்ட் பொரெம்ப்ஸ்கி, ருஷ்யப் பேரரசரின் அரசவை ஓவியன். பீட்டர்ஸ்பர்க்கில் எட்டு வருஷம் படித்து, பாரிஸில் இரண்டு வருஷம் சுற்றி, சொந்த ஊருக்கு ஒரு நீலக் கௌரவ நாடாவும் ஒரு பட்டமுமாகத் திரும்பியவன். இருபது வருஷமாக ஜெனரல்களையும் அவர்கள் மனைவிமாரையும் வரைந்து பிழைத்தான். அவன் வரைந்தவர்கள் எல்லோருக்கும் தோல் பளபளத்தது, எல்லோரும் லேசாகச் சிரித்தார்கள். அது வரைக்கும் ஊரில் பெரிய சங்கடம் இல்லை. கறுப்பு வந்தபிறகுதான் சங்கடம் வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் ஊர்வலத்தில் ருஷ்யச் சிப்பாய்களால் சுடப்பட்டவர்களுக்காகப் பெண்கள் கறுப்பு உடுத்தினார்கள். பிறகு கழற்றவே இல்லை. கிளர்ச்சி வெடித்து, காடுகளில் இளைஞர்கள் செத்து விழத் தொடங்கியதும் அரசாங்கம் கறுப்புக்கே தடை போட்டது. தாயோ தகப்பனோ புருஷனோ செத்ததற்குச் சீட்டு வைத்திருந்தால்தான் தெருவில் கறுப்பு உடுத்தலாம். பெண்கள் வெளியே சாம்பல் நிறத்துக்கு மாறினார்கள், வீட்டுக்குள் கறுப்பிலேயே இருந்தார்கள். ரோஜா நிறம் உடுத்துகிறவள் ருஷ்ய ஆளுநரின் அரண்மனைப் பக்கம் போய்விட்டவள். அவளோடு கோயிலில் ஒரே வரிசையில் யாரும் முழங்காலிட மாட்டார்கள்.

அந்த அரண்மனையில் புதிதாகப் பூசிய கூடத்துக்கு ஆறு போலந்துச் சீமாட்டிகளின் படம் வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. நல்ல நிறத்தில், நல்ல முகத்தோடு. ஏப்ரல் கடைசியில் பேரரசரின் பிறந்தநாள் அன்று திரை விலக்குவார்கள். ஆறு பேரையும் யார் தேர்ந்தெடுத்தாரோ, விவரமான ஆள். ஆறு வீட்டிலும் சிறையில் ஓர் ஆள் இருந்தது. ஐந்து படங்கள் வேறு ஓவியர்களுக்குப் போயின. ஆறாவது கலிக்ஸ்டுக்கு.

மிகலினாவின் தம்பி லியோன் இருபத்து நாலு வயதுக்காரன். தை மாதக் குளிரில் காட்டில் பிடிபட்டு, ஆற்றங்கரைக் கோட்டைச் சிறையில் ராணுவ நீதிமன்றத்துக்குக் காத்திருந்தான். அவளுடைய கணவர் ஒரு பிரபு. கிளர்ச்சி தொடங்கிய மாதமே நுரையீரலுக்கு நல்ல காற்று வேண்டும் என்று ஜெர்மனியில் டிரெஸ்டனுக்குப் போனவர். அங்கிருந்து வாரம் ஒரு கடிதம் போட்டார். நிதானமாக உட்கார், நன்றாகச் சிரி, லியோனுக்கு நல்லது.

“இன்னைக்கு இவ்வளவு போதும்,” என்றான் கலிக்ஸ்ட். தோளின் கோடுகூட முடிந்திருக்கவில்லை.

“நான் படுத்தறேனா?”

“இல்லம்மா.”

“பொய் சொல்றீங்க. பரவால்ல, உங்க தொழில்தானே.” சொல்லிவிட்டு அவளே உதட்டைக் கடித்தாள். “தப்பா எடுத்துக்காதீங்க. மூணு வாரமா சரியாத் தூங்கலை.”

வீட்டுக்குப் போகும் வழியில் பழைய சந்தையில் மீன் வாங்கினான். தவக்காலம், உப்பிட்ட ஹெர்ரிங் மீன் பீப்பாய்களைச் சுற்றிப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அவனைக் கண்டதும் மீன்காரி இடுப்பில் கைவைத்துக் குரலெடுத்தாள்.

“வழி விடுங்கடி, அரண்மனை ஐயா வர்றாரு! ஏன் ஐயா, உங்களுக்கு எதுக்கு இந்த ஏழை மீனு? அங்க விருந்து போடலையா?”

“போடுவாங்க,” என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. “ஐயா வரைஞ்சு குடுத்தாத்தான் போடுவாங்க.”

“அப்போ நம்ம மீனையும் வரையச் சொல்லு. செத்த மீனைச் சிரிக்க வெக்கறதுல ஐயா கெட்டிக்காரராம்.”

சிரிப்பு சந்தை முழுக்கப் போனது. மீன்காரி பீப்பாயின் அடியில் கைவிட்டு, நைந்துபோன இரண்டைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தாள். கலிக்ஸ்ட் காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டான்.

வீட்டில் அவனுடைய அக்கா தெக்லா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள், தம்பி வீட்டை அவள்தான் நடத்தினாள். கதவைச் சாத்திய மறுநிமிஷம் சாம்பல் மேலங்கியைக் கழற்றிக் கறுப்பில் நிற்பவள்.

“இந்த மீன் கிளர்ச்சிக்கு முன்னாடி பிடிச்சது மாதிரி இருக்கே.”

“குடுத்ததை வாங்கினேன்.”

“நீ எப்பவும் அப்படித்தானே. எங்க, அந்த ரோஜாப்பூ உக்காந்துச்சா?”

“அவங்களைச் சொல்லாதக்கா. தம்பி உள்ள இருக்கான்.”

“எல்லாருக்கும்தான் உள்ள ஆள் இருக்கு. எல்லாருமா ரோஜாப் பட்டு கட்டிக்கிட்டாங்க?” தெக்லா ரை தானிய மாவுச் சூப்பை அவன் முன்னால் வைத்துவிட்டு, தன் கிண்ணத்தோடு சமையலறைக்குப் போனாள். அவன் அரண்மனை வேலை பார்க்கும் நாளில் அவள் அவனோடு மேசையில் உட்காருவதில்லை.

கலிக்ஸ்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுந்து அறையின் குறுக்கே நடந்தான், உட்கார்ந்தான், மறுபடி நடந்தான். அந்தப் பெண்ணின் அமைதியின்மை தொற்றுநோய்போலத் தன்னையும் பிடித்துவிட்டதாக நினைத்தான்.

ஈஸ்டர் முடிந்த இரண்டாவது வாரம், ஆறாவது முறையாக அவள் உட்கார்ந்திருந்தபோது, கீழே வாசல் மணி அடித்தது.

மிகலினாவின் வலது கை நாற்காலியின் கையைப் பற்றியது. தோள் முன்னுக்கு வந்தது. முகம் கதவுப் பக்கம் பாதி திரும்பி, வாய் எதையோ கேட்கப்போவதுபோல் திறந்து, அப்படியே நின்றது. இந்தத் தடவை அவள் எழவில்லை. எழுந்தால் சேதி வந்துவிடும், எழாமல் இருந்தால் அது படியிலேயே நின்றுவிடும் என்பதுபோல இருந்தாள். அந்த வீட்டுக் காரியஸ்தர் வயதானவர், முழங்கால் வலிக்காரர். மாடிப்படி ஏற அவருக்கு இரண்டு நிமிஷம் ஆகும். ஒவ்வொரு படியாக அந்தக் காலடி ஏறி வந்தது.

அந்த இரண்டு நிமிஷத்தில் கலிக்ஸ்ட் அவளைப் பார்த்தான். பார்த்ததை அப்படியே போட்டான். கண்ணைத் தட்டுக்குத் தாழ்த்தாமலேயே தூரிகை சரியான நிறத்துக்குப் போய் வந்தது.

காரியஸ்தர் கதவருகில் நின்று மூச்சு வாங்கினார். “அம்மா. வக்கீல் ஆள் அனுப்பியிருக்காரு. தீர்ப்பு ஆயிடுச்சு.”

“சொல்லுங்க.”

அவர் கையால் தன் கழுத்துப்பட்டையைத் தொட்டார்.

“மேல இருந்து உறுதிப்படுத்தணுமில்ல?” என்று கேட்டாள் மிகலினா.

“ஆமாம்மா. கருணை மனு போட்டிருக்கோம். மூணு வாரம், ஒரு மாசம் ஆகும்னாரு.”

அவர் போனதும் கலிக்ஸ்ட் தூரிகையைக் கீழே வைத்தான். “நான் கெளம்பறேன் சீமாட்டி. இன்னொரு நாள்...”

“வரைங்க.”

“அம்மா...”

“வரைங்க ஐயா, நிறுத்தாதீங்க. இந்தப் படம் முடிஞ்சாத்தான் எனக்கு அங்க போய் எதையாவது கேக்க வாய் இருக்கும்.”

ஒரு மணி நேரம் அவள் அசையாமல் இருந்தாள். ஒரு மணி நேரம் அவன் வரைந்தான். ஒரு பையன் கழுத்தில் கயிறு விழுந்த சேதி வந்த வீட்டில் நிற்கிறோம், வெட்கப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. வெட்கம் வரவும் வந்தது. ஆனால் கை மட்டும் அந்த வெட்கத்துக்குக் கட்டுப்படாமல், இருபது வருஷத்தில் ஒருநாளும் ஓடாத மாதிரி சந்தோஷமாக ஓடியது.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தான். உடுப்பையும் இரவல் வாங்கி ஒரு மரப் பொம்மைக்குப் போட்டு, பட்டின் மடிப்புகளை அங்கே முடித்து, உடுப்பைத் திருப்பி அனுப்பினான். பத்து நாள் யாரையும் வேலையறைக்குள் விடவில்லை. பதினோராம் நாள் காலை, அடுப்புக்கு விறகு போடும் சாக்கில் தெக்லா உள்ளே வந்தாள். வந்தவள் விறகுக் கட்டையைக் கையில் பிடித்தபடியே படத்தின் முன்னால் நின்றுவிட்டாள்.

“இவ எழுந்து எங்கடா போறா?” என்றாள் கடைசியில்.

“தெரியலைக்கா.”

“யாரோ கதவைத் தட்டுறாங்க. இவளுக்குத் திறக்கவும் பயம், திறக்காம இருக்கவும் பயம்.” தெக்லா கட்டையைக் கீழே வைத்தாள். “என்னைக்கு நம்ம அண்ணன் வீட்டைச் சோதனை போட வந்தாங்களோ, அன்னைக்கு அண்ணி இப்படித்தான் உக்காந்திருந்தா. இதே மாதிரி.”

அன்று மத்தியானம் அவள் தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து அவனுக்கு எதிரே மேசையில் உட்கார்ந்தாள்.

மறுநாள் அரண்மனையிலிருந்து மேஜர் துர்னேவ் வந்தார். படங்களை மேற்பார்க்கும் பொறுப்பு அவருடையது. நாகரிகமான மனிதர், தெக்லா கதவைத் திறந்தபோது தொப்பியைக் கழற்றி வணங்கினார். படத்தின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

“பிரமாதம்,” என்றார். “நீங்க இப்படியெல்லாம் வரைவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல, கலிக்ஸ்ட்.”

“நன்றி மேஜர்.”

“இதை மாட்ட முடியாது.”

கலிக்ஸ்ட் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

“பேரரசர் பிறந்தநாளுக்கு விருந்தாளிங்க வருவாங்க. வாத்தியம் வாசிப்பாங்க. சுவத்துல இந்த அம்மா கதவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. பாக்கறவன் ஒவ்வொருத்தனும் திரும்பித் தன் பின்னாடி இருக்கற கதவைப் பாப்பான். நானே இப்போ ரெண்டு தடவை திரும்பிப் பாத்துட்டேன்.” மேஜர் மெல்லச் சிரித்தார். “உடுப்பு அழகா இருக்கு, கையும் இருக்கட்டும். முகத்தை மாத்துங்க. சந்தோஷமா, நிம்மதியா. உங்களுக்குத்தான் அது கை வந்த கலையாச்சே. அஞ்சு நாள் இருக்கு.”

“மாத்த முடியலைன்னா?”

மேஜர் கையுறைகளை ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டிக்கொண்டார். “அந்த அம்மாவோட மனுவும் என் மேசை வழியாத்தான் மேல போகுது. நான் எதுவும் சொல்லலை. நீங்க புத்திசாலி.”

அவர் போனபிறகு கலிக்ஸ்ட் நேராக மிகலினாவின் வீட்டுக்கு நடந்தான். வழியெல்லாம் மனசுக்குள் பேசிக்கொண்டே போனான். அவள் மறுப்பாள் என்று நிச்சயமாக நம்பினான். பணிப்பெண் முகம் திருப்பியும், கோயிலில் ஜனங்கள் விலகியும் அவமானத்தைச் சுமந்தவள். பொய்ச் சிரிப்பு வேறு சுமக்கச் சம்மதிக்க மாட்டாள். அவள் மாட்டேன் என்று சொன்னால் தானும் மாட்டேன் என்று சொல்லிவிடலாம். வாழ்க்கையில் முதல் தடவையாக.

அவன் சொல்லி முடிக்கும்வரை மிகலினா நின்றுகொண்டே கேட்டாள். வீட்டுக்குள் இருந்ததால் கறுப்பில் இருந்தாள்.

“மாத்துங்க,” என்றாள்.

“சீமாட்டி, நீங்க அந்தப் படத்தை இன்னும் பாக்கலை. ஒரு தடவை வந்து பாருங்க.”

“வேண்டாம். நல்லா இருந்தா எனக்கும் மனசு வராது. காட்டாதீங்க. மாத்திடுங்க.”

“அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. இருபது வருஷமா நான் வரைஞ்சதுல உருப்படி இது ஒண்ணுதான். இதை அழிச்சுட்டா இந்த மாதிரி இன்னொண்ணு என்னால வரைய முடியாது. அந்த மேஜர்கிட்ட வேற மாதிரி பேசிப் பாக்கலாம், வேற படம் ஒண்ணு போட அவகாசம் கேக்கலாம்...”

“அஞ்சு நாள்ல?”

“உண்மையா ஒரு முகம் போட்டிருக்கேன். அதைச் சுரண்டச் சொன்னா...”

மிகலினா அவன் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். முகம் வெளுத்திருந்தது.

“எத்தனை ஜெனரலோட மூக்கைச் சின்னதாக்கிக் குடுத்திருப்பீங்க? எத்தனை கிழவிக்குக் கழுத்துச் சுருக்கத்தை எடுத்துவிட்டிருப்பீங்க? அப்பெல்லாம் வராத உண்மை, என் தம்பி கழுத்து மேல கத்தி நிக்கறப்போதான் உங்களுக்கு வரணுமா?”

கலிக்ஸ்ட் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டு நின்றான்.

“நான் அந்தப் பட்டைக் கட்டினப்போ எனக்கு மட்டும் மானம் இல்லையா? என் சிநேகிதிங்க தெருவுல என்னைப் பாத்தா எதிர்ப்பக்கம் போறாங்க. போகட்டும். லியோன் உயிரோட இருந்தா அவனே என் மூஞ்சியில துப்பட்டும். துப்பறதுக்கு அவன் இருக்கணும் இல்ல?” அவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். “போங்க ஐயா. கெஞ்சிக் கேக்கறேன். போய் வேலையைப் பாருங்க.”

அவன் வீட்டுக்குப் போகவில்லை. ஆற்றங்கரைக்குப் போனான். பனிக்கட்டியெல்லாம் உடைந்து போய் விஸ்துலா கலங்கி, கரையை முட்டிக்கொண்டு ஓடியது. மேலே தெரிந்த கோட்டை மதில் வரைக்கும் நடந்தான், திரும்பினான், மறுபடி நடந்தான். காவல்காரன் ஒருவன் அவனையே பார்க்க ஆரம்பித்ததும் விலகி வந்தான். அவள் சொன்னது முழுக்கச் சரி என்று தோன்றியது. அது சரியாக இருப்பதால் தன் வலி குறையவில்லை என்பதும் தெரிந்தது. உள்ளே எங்கோ ஒரு மூலையில், அந்தப் பையன் எப்படியும் சாகத்தான் போகிறான், படமாவது மிஞ்சட்டுமே என்று ஒரு நினைப்பு தலைநீட்டியது. அதைத் தன்னுடையதுதான் என்று அடையாளம் கண்டான். வேகமாக வீட்டுக்கு நடந்தான்.

வேலையறையில் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் சுரண்டும் கத்தியை எடுத்தான். தெக்லா கதவில் நின்றாள்.

“என்னடா பண்ணப்போறே?”

“முகத்தை எடுக்கணும்.”

“தொடாதே.” அவள் ஓடிவந்து படத்துக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள். “தொடாதேடா. ஜென்மத்துல ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கே. அவனுங்க சொன்னா அழிச்சிருவியா? எப்பவும்போல கும்பிடு போடுவியா?”

“அவனுங்க சொல்லலைக்கா. அவங்க சொன்னாங்க.”

“யாரு?”

“இவங்கதான்.” படத்தைக் காட்டினான்.

தெக்லா திரும்பி அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு விலகினாள். டர்பன்டைன் புட்டியைத் தானே எடுத்துத் துணியை நனைத்து அவனிடம் நீட்டினாள். அவன் சுரண்டும்போது கூடவே நின்றாள். பத்துப் பன்னிரண்டு நாள் ஆன வர்ணம். மேலே காய்ந்து உள்ளே இளகியிருந்தது. முதலில் வாய் போனது. கண்ணுக்கு வந்தபோது கலிக்ஸ்டின் கை நின்றது. தெக்லா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கண்களும் போயின.

மறுநாள் மிகலினா அங்கேயே வந்தாள். சாம்பல் மேலங்கியின் உள்ளே ரோஜாப் பட்டு. பின்பக்கக் கொக்கிகளைத் தெக்லா போட்டுவிட்டாள். எல்லாவற்றையும், மேலிருந்து கீழ்வரை. மிகலினா சாய்ந்து உட்கார்ந்து சிரிக்க முயன்றாள். பல் தெரிந்தது, சிரிப்பு வரவில்லை. மறுபடி முயன்றாள். கன்னம் துடித்தது.

“மன்னிச்சுக்குங்க. எப்படிச் சிரிக்கறதுன்னு மறந்துபோச்சு.”

“நீங்க சும்மா உக்காருங்கம்மா. நான் பாத்துக்கறேன்.”

அவன் பார்த்துக்கொண்டான். இருபது வருஷம் பழகிய அந்தச் சிரிப்பைக் கை தானாகப் போட்டது. உதட்டோரத்தில் ஒரு சின்ன நிழல், கீழ் இமையில் கொஞ்சம் வெளிச்சம். மூன்று நாளில் முடிந்தது. மிகலினா முதல் தடவையாகப் படத்தைப் பார்த்தாள்.

“நல்லா இருக்கு,” என்றாள். “யாரோ மாதிரி இருக்கு. அதுவும் நல்லதுக்குத்தான்.”

பிறந்தநாளன்று கூடத்தில் ஆறு சீமாட்டிகளும் ஆறு சுவர்ப் பலகைகளிலிருந்து சிரித்தார்கள். மேஜர் துர்னேவ் கலிக்ஸ்டின் கையைக் குலுக்கினார். ஒரு ஜெனரலின் மனைவி, தனக்கும் இதேபோல் ரோஜா நிறத்தில் ஒன்று வேண்டும் என்றாள். அவன் தலையாட்டினான்.

பிறகு காத்திருப்பு. பதினேழு நாள். கலிக்ஸ்டுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வாசல் மணி அடித்தால் மாடியிலிருந்து பாதி தூரம் இறங்கிவிடுவான். தெக்லா தினமும் கோயிலுக்குப் போகும் வழியில் மிகலினாவின் காரியஸ்தரிடம் விசாரித்துவிட்டு வந்தாள். பதினெட்டாம் நாள் அவள் படியேறிய வேகத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“கயிறு இல்லடா. பன்னெண்டு வருஷம் சைபீரியா.”

அவன் படியிலேயே உட்கார்ந்தான்.

படம் காப்பாற்றியதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதே வாரத்தில் படமே இல்லாத வீட்டுப் பையன்கள் இரண்டு பேருக்கும் தண்டனை குறைந்தது. ஆறு சீமாட்டிகளில் ஒருத்தியின் கணவரைப் பிறந்தநாள் கழிந்த நாலாம் நாள் தூக்கிலிட்டார்கள். அவள் படம் இன்னும் கூடத்தில் தொங்கியது. அதை நினைக்கும்போதெல்லாம் கலிக்ஸ்ட் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவான்.

மே மாதத்தில் ஒரு காலை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிராகாப் பேட்டையில் இருக்கும் பீட்டர்ஸ்பர்க் ரயில் நிலையத்துக்குக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். கலிக்ஸ்ட் போனான். சாம்பல் உடுப்புப் பெண்கள் நூறு பேருக்கு மேல் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்றார்கள், ரொட்டியும் கம்பளிக் காலுறையும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு. மிகலினா தனியாக நின்றாள். அவளைச் சுற்றி மூன்று முழத்துக்கு ஆள் இல்லை. அவன் போய் அந்த இடைவெளிக்குள் நின்றதும் இடைவெளி இன்னும் பெரிதாகியது.

“நீங்க எதுக்கு வந்தீங்க?” என்றாள் அவள், திரும்பாமல்.

“தெரியலைம்மா.”

கைதிகள் வரிசையாக வந்தார்கள். பாதித் தலை மழித்து, காலில் சங்கிலியோடு. லியோன் எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ வந்தான். ஒல்லி, நெட்டை, அக்காவின் அதே தாடை. மிகலினா கம்பியைப் பிடித்தாள். கூப்பிடவில்லை. அவன் முகம் திருப்பிக்கொள்வான் என்று பயந்தாள். அவளுடைய விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது.

லியோன் கூட்டத்தைத் தேடினான். கண்டுபிடித்தான். நின்றுவிட்டான், பின்னால் வந்தவன் அவன்மேல் மோதினான்.

“அக்கா!” என்று கத்தினான். “ரோஜா நிறமாமே! உள்ள எல்லாம் பேசிக்கிட்டாங்க! உனக்கு அந்த நிறம் எடுக்கவே எடுக்காதே, யார் உனக்குத் தெச்சுக் குடுத்தா?”

காவல்காரன் அவனைத் தள்ளினான். மிகலினாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகத் தொடங்கி வேறொன்றாக முடிந்தது. பொட்டலத்தைக் கம்பிமேல் தூக்கி எறிந்தாள். அது தரையில் விழ, இன்னொரு கைதி எடுத்து முன்னால் கடத்தினான்.

“காலுறையை மாத்தி மாத்திப் போடு!” என்று கத்தினாள். “ஈரத்தோட தூங்காதே! நான் வர்றேன், கேட்டுச்சா? அனுமதிச் சீட்டு வாங்கிக்கிட்டு வர்றேன்!”

ரயில் போய் வெகுநேரம் கழித்துத்தான் கூட்டம் கலைந்தது. ஒரு கிழவி மட்டும், போகிறபோக்கில், மிகலினாவின் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனாள், மற்றவர்கள் தொடவில்லை. மிதவைப் பாலத்தை நோக்கி மிகலினா நடந்தாள். வேகமான நடை. கலிக்ஸ்ட் ஓட்டமும் நடையுமாகக் கூடவே போனான். பலகைகள் கால்களுக்குக் கீழே ஆடின.

“நிஜமாவே போகப்போறீங்களா, அங்க?”

“போறேன். பிரபுவுக்கு எழுதிட்டேன். டிரெஸ்டன்ல காத்து நல்லா இருக்காம், அவர் அங்கயே இருக்கட்டும்.” காற்றில் பறந்த தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டாள். “ஐயா, அந்த முதல் முகம். நீங்க சுரண்டினது. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“இருக்கும்மா.”

“மறுபடி வரைய முடியுமா?”

“முயற்சி பண்ணினேன். பதினேழு நாள்ல முப்பது தடவை பண்ணியிருப்பேன். வரலை.”

“அப்போ சொல்லுங்க. அப்படி என்னதான் இருந்துச்சு அதுல? உங்கக்கா என் கொக்கியைப் போட்டு விட்டாங்களே, அது அந்த முகத்துக்காகத்தானே? நான் எப்படி இருந்தேன்?”

கலிக்ஸ்ட் தொப்பியைக் கழற்றினான். ஆற்றுக் காற்று பலமாக இருந்தது. அவனுக்குப் பேச்சு ஒருபோதும் வந்ததில்லை.

“உங்க வலது கை,” என்று ஆரம்பித்தான், “நாற்காலியைப் பிடிச்சிருந்துச்சு. சுண்டுவிரல் மட்டும் பிடிக்கலை, அது தனியா நின்னுச்சு. வாய் கொஞ்சம் திறந்திருந்துச்சு...” அவள் நடையைக் குறைக்கவில்லை. எதிரே சுமை வண்டி ஒன்று வந்தது. அவன் ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி ஓடிப்போய் அவள் பக்கத்தில் சேர்ந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.